அபிமன்யுவின் அப்பா

போன கிழமை ஒரு பேச்சுப்போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். தலைப்பு 'தந்தையின் கடமை'. பதினொரு பிள்ளைகள் பேசினார்கள், எட்டுப் பேர் 'சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே' என்றுதான் தொடங்கினார்கள். ஒருவர்கூட அந்தப் பாட்டின் கடைசி வரிக்குப் போகவில்லை. பிள்ளைகளில் குறையில்லை, எழுதிக் கொடுக்கிற நாங்கள்தான் அந்த ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறோம். அன்றிலிருந்து அது மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்து வாசியுங்கள்.

அது புறநானூற்றின் 312ஆவது பாட்டு, பொன்முடியார் பாடியது. பேசுகிறவள் ஒரு தாய். பெற்று வளர்ப்பது என் கடமை, சான்றோன் ஆக்குவது தகப்பன் கடமை, வேல் வடித்துக் கொடுப்பது கொல்லன் கடமை, நன்னடை தருவது வேந்தன் கடமை என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்து கடைசியில் மகனிடம் நிற்கிறாள். 'களிறு எறிந்து பெயர்தல் காளைக்குக் கடனே.' பெயர்தல் என்றால் இங்கே திரும்பி வருதல். சங்கத் தமிழில் சான்றோன் என்ற சொல்லுக்கு வீரன் என்ற பொருளும் உண்டு. மேடையில் நாங்கள் சொல்வதுபோல இது நல்லொழுக்கப் பாட்டு இல்லை, போருக்குப் பிள்ளையை அனுப்புகிற வீட்டுப் பாட்டு. அப்படியிருந்தும் அந்தத் தாய் சாவைப் பற்றி வாயே திறக்கவில்லை. போ, யானையை வீழ்த்து, திரும்பி வா. சரி, திரும்பி வருவதற்கு அவனைப் பழக்குவது யார் கடமை? ஊரையே கூப்பிட்டுக் கடமை பிரித்துக் கொடுத்த பாட்டில் அந்த வேலைக்கு மட்டும் ஆள் இல்லை.

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகம் வாசித்து வந்ததில்லை. ஒன்பது வயதில், 2003இல், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, எங்கள் படுவான்கரை ஊரில், கூத்து ஆடுகிற களரிக்குப் பக்கத்தில் பாயில் இருந்தபோது வந்தது. 'பதின்மூன்றாம் போர்' ஆடினார்கள், வடமோடி என்கிற கூத்து வகையில். பாரதப் போரின் பதின்மூன்றாம் நாள் அபிமன்யு சக்கர வியூகத்துக்குள் போய்ச் சாகிற கதை. அப்பாதான் அர்ச்சுனன். மாதக்கணக்காகக் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் வீட்டு முற்றத்தில் பழகினார்கள். வட்டையில், வயல்வெளியில், வேளாண்மைக்குக் காவல் இருக்கும்போதும் அப்பா கூத்து எழுதிய கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தருவை, தன் பாட்டை, முணுமுணுப்பார். வீட்டில் நாலு சொல்லுக்கு மேல் கதைக்காத மனிதன்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். வியூகத்தை உடைத்து உள்ளே போக அபிமன்யுவுக்குத் தெரியும், வெளியே வரத் தெரியாது. வயிற்றுக்குள் இருந்தே பாதி கேட்டான், மீதியைக் கேட்கவில்லை என்று எங்கள் ஊர்க் கிழவிகள் சொல்வார்கள். பாரதத்தில் அவனே நேரடியாகச் சொல்கிறான், உடைத்துப் போக அப்பா கற்றுத்தந்தார், வெளியே வரக் கற்றுத்தரவில்லை என்று. அப்படிச் சொன்ன பிள்ளையைத்தான் பெரியவர்கள் முன்னுக்கு அனுப்புகிறார்கள், பின்னாலேயே நாங்களும் வருவோம் என்று சொல்லி. எதிர்ப்படையின் சயத்திரதன் குறுக்கே நின்று அவர்களை மறித்துவிடுகிறான். அர்ச்சுனன் அன்றைக்கு வேறு பக்கம் போரில் நிற்கிறான். பொழுதுபட்டுப் பாசறைக்கு வருகிறான், வாத்தியச் சத்தம் இல்லை, ஒருத்தரும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை, வழமையாகச் சிரித்துக்கொண்டு எதிரே வருகிற மகனைக் காணவில்லை. அங்கேயே அவனுக்கு விளங்கிவிடுகிறது. நான் அவனுக்கு வெளியே வரச் சொல்லிக்கொடுக்கவில்லையே என்றுதான் அந்தத் தகப்பன் முதலில் நினைக்கிறான்.

அப்பா அந்த இடத்தை ஆடியது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அபிமன்யுவாக ஆடிய அயல்வீட்டு அண்ணன் மண்ணில் கிடக்கிறார். அப்பா குந்தி அவருடைய தலையை மடியில் எடுக்கப் பார்க்கிறார், இடுப்பைச் சுற்றிக் கூடைபோல விரிந்து நிற்கிற கூத்து உடுப்பு, கரப்புடுப்பு, குறுக்கே நிற்கிறது. ஒருதரம், இரண்டுதரம். மூன்றாம் தரம் இரண்டு கையாலும் கரப்பை ஒரு பக்கமாக நெரித்துத் தள்ளிவிட்டு அந்தத் தலையை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். மத்தளம் நின்றுவிட்டது. எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு அம்மம்மா, 'என்ட புள்ளைட முகத்த நான் பாக்கவும் இல்லயே' என்று வாய்விட்டு அழுதா. அவவோடு சேர்ந்து அந்தப் பக்கம் முழுவதும் அழுதது. அந்த வருடங்களில் எங்கள் ஊர்களில் பிள்ளை திரும்பி வராத வீடுகள் எத்தனை இருந்தன என்று இங்குள்ளவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இதோடு இன்னொரு தகப்பனையும் சொல்லவேண்டும். கம்பனுடைய இராவணன். நிகும்பலையில் வேள்வி அழிந்து, உடம்பெல்லாம் அம்புக் காயத்தோடு இந்திரசித்து தகப்பனிடம் வருகிறான். சீதை மேலுள்ள ஆசையை விட்டுவிடுங்கள், அவர்கள் கோபம் தீர்ந்து போய்விடுவார்கள் என்கிறான். பயத்தில் சொல்வதாக நினைக்காதீர்கள், 'உன்மேல் காதலால் உரைத்தேன்' என்கிறான். தமிழில் ஒரு பிள்ளை தகப்பனிடம் சொன்ன சொற்களில் இதற்கு மேல் ஒன்று எனக்குத் தெரியாது. இங்கே கதை மறுபக்கம் திரும்பியிருக்கிறது, கவனியுங்கள். வெளியே வரும் வழி பிள்ளைக்குத் தெரிகிறது, தகப்பன்தான் அடைக்கிறான். உன்னை நம்பியா நான் இந்தப் பகையைத் தேடினேன், 'என்னையே நோக்கி யான் இந்நெடும்பகை தேடிக்கொண்டேன்' என்று விடை வருகிறது. நீ இரு, நானே போகிறேன் என்று இராவணன் எழும்புகிறான். மகன் காலில் விழுந்து அவனை நிறுத்திவிட்டுத் தானே போகிறான், சாகிறான். அறுபதுகளில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வித்தியானந்தன் நெறியாள்கையில் மௌனகுரு எழுதிய 'இராவணேசன்' நாடகம் எங்கள் வடமோடியிலிருந்து எழுந்தது. அந்தத் தகப்பனைப் பார்த்து வளர்ந்த மண் இது.

பள்ளிக்கூடத்தில் 'தந்தை சொல் மிக்க மந்திரம் இல்லை' சொல்லித் தருகிறோம். நல்லது, சொல்லித் தரட்டும். இந்திரசித்து சொன்னதையும் அதற்குப் பக்கத்தில் வைத்துச் சொல்லித் தரவேண்டும் என்பதுதான் என் ஆசை, பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை, கூட்டத்துக்கு வருகிற தகப்பன்மாருக்கும். பிள்ளையை 'அவையத்து முந்தி இருப்பச்' செய்ய எல்லாத் தகப்பனும் ஓடுகிறான். ரியூசன், புலமைப்பரிசில், உயர்தரம், பிறகு கனடாவோ கட்டாரோ. உள்ளே போகிற வழி அத்தனையையும் கடன்பட்டாவது கற்றுக்கொடுக்கிறோம். தோற்றால் எப்படி வீட்டுக்கு வருவது என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்?

எனக்கு அது நடந்ததால்தான் இவ்வளவு எழுதுகிறேன். 2013 உயர்தரச் சோதனையில் எனக்கு ஒரு பாடம் போய்விட்டது. பெறுபேறு வந்த அன்றே வாவிக்கு அக்கரையில் ஆரையம்பதியில் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டேன், வீட்டு முகத்தில் முழிக்க ஏலாமல். பத்து நாள். மாரி மழை, வாவி தளம்பி நிற்கிறது, மண்முனைப் பாலம் அப்போது திறக்கவில்லை, வாவியைக் கடக்கப் பாதைதான், ஆளையும் சைக்கிளையும் ஏற்றிப்போகிற மிதவை. பதினோராம் நாள் அப்பா பாதையேறிச் சைக்கிளில் வந்தார், தெப்பமாக நனைந்து, கரியரில் ஒரு தயிர்ச்சட்டியைச் சீலைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு. திண்ணையில் இருந்து தேத்தண்ணி குடித்தார். எருமை கன்று போட்டதைப் பெரியம்மாவிடம் சொன்னார். சோதனையைப் பற்றி ஒரு சொல் இல்லை. எழும்பும்போது என்னைப் பார்த்துச் சொன்னார், 'கடைசிப் பாதைக்கு நேரமாகுது. வாறதெண்டா வா புள்ள. இல்லாட்டி நான் நாளைக்கும் வாறன்.'

நான் அன்றைக்கே போனேன்.

அப்பாவுக்கு இப்போது கண் அவ்வளவு தெரியாது. அந்த அர்ச்சுனன் தருவில் பாதிதான் ஞாபகம் இருக்கிறது, மீதிக்கு வாயை அசைத்துவிட்டு நிறுத்திவிடுகிறார். அவர் பார்த்து ஆடிய கொப்பி கரையான் அரித்துப் போய்விட்டது. படுவான்கரைப் பக்கம் யாரிடமாவது 'பதின்மூன்றாம் போர்' கொப்பி இருந்தால் தயவுசெய்து உள்பெட்டியில் சொல்லுங்கள். நானே வந்து இருந்து எழுதி எடுக்கிறேன், கொப்பியை வெளியே கொண்டுபோகமாட்டேன்.