1-0-1 எழுதுகிறவருக்குப் பெரட்டு நேரம் தெரியாது

"எஸ்டேட் ஆளுங்க மாத்திரையை ஒழுங்கா சாப்பிடறதே இல்ல." நீலகிரியில் பந்தலூர், சேரம்பாடிப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட ஜனங்கள் எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இந்த வசவை வாங்கிக்கொண்டுதான் திரும்புகிறார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லைன் வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு இதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வருகிறது. விழுங்குகிறவளைத் திட்டுவது சுலபம். அவள் நாள் எப்படி விடிகிறது என்று யாராவது கேட்டிருக்கிறார்களா?

சீட்டில் 1-0-1 என்று இருக்கும். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. டாக்டர் மனசில் இருக்கிற காலை, தட்டில் இட்லி வைத்து உட்கார்ந்து சாப்பிடுகிற காலை. இங்கே காலை என்றால் ஒரு டம்ளர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, ஓடுவது. சோறு அப்புறம்தான், அதுவும் மலையில் உட்கார்ந்து. கிளிமிபிரைடு மாதிரியான சுகர் மாத்திரையைப் போட்டால் உடனே வயிற்றுக்குச் சாப்பாடு போகணும். வெறும் தேத்தண்ணியோடு போட்டுக்கொண்டு சரிவில் ஏறினால் சர்க்கரை இறங்கி வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், கண் இருட்டும். இப்படி ஒரு தடவை விழுந்து எழுந்தவள் மறுநாள் அந்த மாத்திரையைத் தொடுவாளா? அதற்கு அவள் வாங்கிக்கொள்ளும் பட்டம் 'பொறுப்பில்லாதவள்'.

இரும்புச் சத்து மாத்திரையும் அதே தேத்தண்ணியோடுதான் உள்ளே போகிறது. தேயிலையில் இருக்கிற டானின் இரும்பை உடம்பில் சேரவிடாது. தேயிலைக் காட்டிலேயே வாழ்கிற பெண்களிடம் இதை முதலில் சொல்லியிருக்க வேண்டாமா? மாத்திரைக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் ஒன்றிரண்டு மணி நேரம் விட்டாலே போதும்.

பக்கத்து லைன் அத்தை ஒருவர் கதையைச் சொல்கிறேன். பிரஷருக்கு, 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வீட்டுக்கே வந்து அம்லோடிபைன் 5 மில்லிகிராம் கொடுத்துவிட்டுப் போவார். 2021-இல் வந்த திட்டம் இது. எங்கள் பக்கம் உண்மையிலேயே பெரிய உதவி, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. நடுவில் மகன் அத்தையைக் கேரளாவில் இருக்கிற சுல்தான் பத்தேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். அங்கேயும் பிரஷருக்கு ஒரு மாத்திரை எழுதினார்கள், வேறு பேர், வேறு நிறம். அத்தை இரண்டையும் போட்டார். கொஞ்ச நாளில் கால் வீங்கியது. வீக்கத்துக்கு நீர் போகிற மாத்திரை வந்தது. அதைக் காலையில் போட்டால் கொழுந்துக் காட்டில் நாலு தடவை ஒதுங்கணும். எங்கே ஒதுங்குவது? அட்டையும் ஆனையும் இருக்கிற இடம், போதாததற்குப் பக்கத்து நிரையில் ஆம்பளைகள். வேலை நாளில் அதைப் போடாமல் விட்டார். "ஏன் போடலை?" என்று அதற்கும் திட்டு.

கடைசியில் ஆரம்ப சுகாதார நிலையத்து மருந்தாளுநர் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பத்தேரி மாத்திரை டெல்மிசார்டனும் அம்லோடிபைனும் சேர்ந்தது. அத்தை தினமும் ஒரே மருந்தை இரண்டு தடவை விழுங்கிக்கொண்டிருந்தார். அம்லோடிபைன் கூடினால் கணுக்கால் வீங்கும், அது தெரிந்த பக்கவிளைவு. டாக்டர் ஒன்றை நிறுத்தினார், வீக்கம் வடிந்தது, நீர் மாத்திரையும் போயிற்று. நிறுத்தியது டாக்டர். இதைப் படித்துவிட்டு நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? ஊழியருக்குப் பத்தேரி தெரியாது, பத்தேரிக்கு ஊழியரைத் தெரியாது. இவர்கள் இரண்டு பேருக்கும் பஜாரில் வாங்குகிற 'செட்' தெரியாது.

அந்தச் செட்டைப் பற்றித்தான் எனக்குத் தனிக் கோபம். "உடம்பு வலி, ஒரு செட்டு குடுங்க" என்றால் கத்தரியால் நறுக்கிய நாலு துண்டு ஒரு காகிதக் கவரில் வரும். பேரும் இருக்காது, காலாவதித் தேதியும் இருக்காது. அதில் அடிக்கடி இருக்கிற டைக்ளோஃபெனாக், சட்டப்படி டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. பிரஷரை ஏற்றும். டெல்மிசார்டனும் நீர் மாத்திரையும் போடுகிறவர்களுக்குச் சிறுநீரகத்தையே பதம் பார்க்கும். காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, வலிக்கு ஒன்று என்று தருகிற மூன்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கலாம். பேர் இல்லாத மாத்திரையைத் தருகிற கடைக்காரரிடம் பேரும் தேதியும் இருக்கிற துண்டைத்தான் கேட்டு வாங்கணும். முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும், நாட்டு மருந்துப் பொடி உட்பட, ஒரே பையில் போட்டு எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு போங்கள். ஊழியர் வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பையைத் திறந்து காட்டுங்கள். அட்டையில் பெரிசாக இருப்பது கம்பெனி வைத்த பேர், மருந்தின் பேர் பொடி எழுத்தில் இருக்கும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை விட்டு அதைத் தமிழில் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும், "இத்தனை மணிக்குப் பெரட்டு, இத்தனை மணிக்குத்தான் சோறு, காட்டில் கக்கூஸ் கிடையாது" என்று சொல்லிவிடுங்கள். பல மாத்திரைகளுக்கு நேரத்தை மாற்றிக் கொடுக்க அவரால் முடியும். நீர் மாத்திரையைக்கூட வேலை விட்டு வந்தபின் போடலாமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

மழைக்கு ஒரு வார்த்தை. தேவாலா மழை நமக்குப் புதுசா என்ன? ஜூன் பிறந்தால் உப்பு ஜாடியே கசிகிற ஊரில், டெல்மிசார்டனை முன்கூட்டியே உரித்து டப்பாவில் போட்டு வைக்காதீர்கள், ஈரம் இழுத்துக்கொள்ளும். கரண்ட் போனால் பயன்பாட்டில் இருக்கிற இன்சுலினைப் பற்றிப் பதற வேண்டாம். பெரும்பாலான வகைகள் 30 டிகிரிக்குள் நாலு வாரம் வெளியே தாங்கும், அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிறதைப் படியுங்கள். அடுப்பு மேலும் வைக்காதீர்கள், ஃப்ரீசரிலும் வைக்காதீர்கள், உறைந்துபோனதைப் போடவே கூடாது. மரம் விழுந்து ரோடு அடைபடும், சாயங்காலமானால் ஆனை வழியில் நிற்கும். ஒரு வாரத்து மாத்திரையாவது கூடுதலாகக் கையில் இருக்கட்டும்.

கக்கூஸ் விஷயத்துக்கு வருகிறேன். தோட்டத்தில் தொழிலாளர்களுக்குக் கழிப்பிடம் எட்டுகிற இடத்தில் இருக்கணும் என்று 1951-ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. அடுத்த முறை போனஸ் பேச உட்காருகிற தொழிற்சங்கத் தோழர்கள், கோரிக்கைத் தாளில் அதையும் ஒரு வரி எழுதுங்கள். எழுத மறந்தால் அத்தையைக் கூட்டிக்கொண்டு நானே வந்து எழுதித் தருகிறேன்.