“வெறும் கிளீனப்” என்று இனி என்னிடம் சொல்லாதீர்கள்

வெள்ளிக்கிழமை நடந்தது இங்கே பெரும்பாலானோருக்குத் தெரியும். தெரியாதவர்கள் கமெண்டில் கேட்கவேண்டாம், மறுபடி முதலிலிருந்து சொல்லும் மனநிலையில் நான் இல்லை. “வெறும் கிளீனப் பேட்ச்தானே, மூன்று வாரம் பிடித்து வைக்க அதில் என்ன இருக்கிறது?” என்று அத்தனை பேர் முன்னால் ஒருவர் கேட்டார். பேட்ச் என்றால் இருக்கும் நிரலில் செய்யும் ஒரு மாற்றம். கிளீனப் என்றால் நடத்தையை மாற்றாமல் நிரலைச் சுத்தப்படுத்துவது. அதை ரிவ்யூ செய்து, அதாவது சரிபார்த்து, பிடித்து வைத்திருந்தவன் நான். என்னைவிட மூத்தவர், அவர் மேல் மரியாதை உண்டு. ஆனால் அந்த “வெறும்” நான்கு நாளாக மனதைவிட்டுப் போகவில்லை.

அது லினக்ஸ் கர்னலின் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையம்) மெமரி மேனேஜ்மென்ட் பகுதி. புதிதாக வந்த ஒரு தம்பி எழுதியது, மொத்தம் 14 பேட்ச். எல்லாவற்றிலும் “நடத்தையில் மாற்றம் எதையும் உத்தேசிக்கவில்லை” என்ற வழக்கமான வரி. அந்த “உத்தேசிக்கவில்லை”யைக் கவனியுங்கள். எழுதியவர் எதையும் மாற்ற நினைக்கவில்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். உண்மையில் மாறியதா என்று பார்ப்பது ரிவ்யூ செய்கிறவன் வேலை.

முதல் எட்டும் நன்றாகவே இருந்தன. பெயர் மாற்றம், யாரும் அழைக்காத ஃபங்ஷன்களை எடுத்தது, பழைய பேஜ் (மெமரியின் சிறு துண்டு) நிரலை ஃபோலியோவுக்கு (ஒன்றோ பலவோ பேஜ்களை ஒரே அலகாகக் கையாள்வது) மாற்றியது. ஒன்பதாவது பேட்ச், மூன்று இடத்தில் இருந்த எரர் பாதைகளை (ஏதாவது தவறும்போது நிரல் போகும் வழி) ஒன்றாக்கியிருந்தது. பார்க்க அழகு, 40 வரி மிச்சம். ஆனால் ஒன்றாக்கியபோது இரண்டு வரிகள் இடம் மாறிவிட்டன. முன்பு ஃபோலியோவின் பூட்டை (ஒரு நேரத்தில் ஒருவரே தொடுவதற்காக) திறந்துவிட்டு அப்புறம் ரெஃபரன்ஸை (“இதை நான் பயன்படுத்துகிறேன்” என்ற பிடியை) விட்டார்கள். இப்போது ரெஃபரன்ஸை விட்டுவிட்டு அப்புறம் பூட்டைத் திறக்கிறார்கள்.

ஒவ்வொரு ஃபோலியோவையும் எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று கர்னல் ஓர் எண்ணிக்கை வைத்திருக்கும். அது பூஜ்யமானால் அந்த மெமரி வேறு யாருக்காவது போய்விடும். நம்முடையதே கடைசிப் பிடியாக இருந்தால், அதை விட்ட பிறகு நாம் திறப்பது இன்னொருவர் குடிவந்துவிட்ட வீட்டின் பூட்டை. இது நடக்க மெமரி தட்டுப்பாடு வரவேண்டும், அந்த எரர் பாதைக்குள் நுழையவேண்டும், அதற்குள் மற்ற எல்லோரும் பிடியை விட்டிருக்கவேண்டும். டெஸ்ட் மெஷினில் மாதக்கணக்கில் ஓட்டினாலும் வராது. அது நடக்கும் நாளில் கர்னல் அங்கேயே எச்சரித்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் எங்கோ ஒரு சர்வரில் சம்பந்தமில்லாத ஒரு ப்ராசஸின் டேட்டா கெட்டுப்போகும். அன்றைக்கு இந்த ஒன்பதாவது பேட்ச் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

இரண்டு வரி இடம் மாறியதைப் பார்க்க மூன்று வாரமா? இல்லை, மூன்று மணி நேரம். மற்ற 13-இலும் இப்படி எதுவும் இல்லை என்று உறுதி செய்யத்தான் மீதி நாட்கள். ஒவ்வொரு ஃபங்ஷனையும் யார் யார் அழைக்கிறார்கள், எந்தப் பூட்டைப் பிடித்தபடி அழைக்கிறார்கள் என்று போய்ப் பார்க்கவேண்டும். அதை நான் ராத்திரிகளில் உட்கார்ந்து செய்தேன்.

இவ்வளவு பயம் ஏன் என்றால், நானே இதைச் செய்திருக்கிறேன். 2013, முதல் வேலை. ஒரு டிரைவரில் தேவையில்லை என்று தோன்றிய ஒரு வரியை எடுத்தேன். அது ஒரு மெமரி பேரியர், மெமரியைப் படிப்பதும் எழுதுவதும் வரிசை மாறாமல் காக்கும் கட்டளை. என் மேஜையிலிருந்த எக்ஸ்86 மெஷினில் அது இல்லாமலே எல்லாம் ஓடியது. விற்ற பெட்டியிலோ ஆர்ம் சிப், அது அந்த வரிசையை இன்னும் தாராளமாக மாற்றும். சீனியர் பத்து நிமிடத்தில் சரி என்று அனுப்பிவிட்டார், கிளீனப்தானே. இரண்டு மாதம் கழித்து, நான்கைந்து நாளுக்கு ஒருமுறை பெட்டி அப்படியே நின்றுவிடுகிறது என்று புகார் வர ஆரம்பித்தது. தங்கையின் வளைகாப்பு அன்று மண்டபத்துச் சமையல்கட்டு ஓரம் உட்கார்ந்து கிராஷ் டம்ப் (பெட்டி நின்றபோது பதிவான மெமரி நிலை) படித்துக்கொண்டிருந்தேன். அம்மா இரண்டு தடவை வந்து கூப்பிட்டாள். அன்றைய படம் எதிலும் நான் இல்லை.

என் கதையை விடுங்கள். டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டில் 2006-இல், மெமரி சோதிக்கும் கருவி எச்சரிக்கை தந்ததால் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருளில் இரண்டு வரிகளை நல்லெண்ணத்தோடுதான் எடுத்தார்கள். ரகசியச் சாவி உருவாக்கும் ரேண்டம் எண்ணுக்கு ஆதாரமாக ப்ராசஸ் ஐடி (ஓடும் ப்ரோகிராமின் எண்) மட்டுமே மிஞ்சியது. ஒரு வகைச் சாவிக்கு 32,768 சாத்தியங்கள், அவ்வளவுதான். 2008 மே மாதம் வரை வெளியே தெரியவில்லை. கர்னலிலேயே, 2020-இல் 5.9 பதிப்பில் காப்பி-ஆன்-ரைட் (எழுதும்போது மட்டும் மெமரியை நகல் எடுப்பது) நிரலை, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே எளிமைப்படுத்தினார். அதனால் வந்த சிக்கல்களைச் சீர்செய்யும், இன்னொரு கர்னல் டெவலப்பரான டேவிட் ஹில்டன்பிராண்டின் வேலை 2022-இல் 5.19 வரை நீண்டது. லினஸுக்கே இப்படி என்றால் நானும் நீங்களும் எம்மாத்திரம்?

அப்போ சுத்தமே செய்யக்கூடாதா என்று கேட்பவர்களுக்கு: நான் எங்கே அப்படிச் சொன்னேன்? ஒவ்வொரு 4 கேபி பேஜுக்கும் 64 பைட் கணக்கு வைக்கிறது கர்னல், 16 ஜிபி மெஷினில் அதுவே 256 எம்பி. அதைக் குறைக்கும் பாதையில் ஃபோலியோ பெரிய படி. 2024-இல் 6.8 பதிப்பில் பழைய ஸ்லாப் அலொகேட்டரையே (சிறு மெமரித் துண்டுகளைப் பங்கிடும் பகுதி) தூக்கியபோது சந்தோஷப்பட்டவன் நான்.

புதியவர்களைப் பயமுறுத்துகிறேன் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அதுதான் நிஜமாகவே வலித்தது. அந்தத் தம்பிக்கு எங்கே, ஏன் உடைகிறது என்று படம் வரைந்து இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். “இது எனக்குத் தோணவே இல்லைண்ணா” என்று அவரே போன் செய்தார். பேட்ச் எழுதியவருக்கு இல்லாத வருத்தம் பக்கத்தில் நின்றவர்களுக்கு ஏன்?

உங்களுக்குத் தெரியுமா, இந்த மூன்று வாரமும் கடைசியில் “ரிவ்யூட்-பை” என்ற ஒரே வரியாகத்தான் நிற்கும். போன அப்ரைசலில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “இந்த வருஷம் உன் பேட்ச் எத்தனை மெர்ஜ் ஆச்சு?” நான் நிறுத்திய பக் எத்தனை என்று யாரும் கேட்கவில்லை. நடக்காமல் போனதை எப்படி எண்ணுவது என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. பேசாமல் வந்துவிட்டேன்.

நேற்று ராத்திரி இரண்டாவது வடிவம் வந்திருக்கிறது. ஒன்பதாவது பேட்சை அந்தத் தம்பி மூன்றாகப் பிரித்திருக்கிறார். 16 பேட்ச். முதலிலிருந்து படிக்கப்போகிறேன். எப்போது முடியும் என்று இன்பாக்ஸில் கேட்காதீர்கள்.