மூன்று முறை அழைத்தார், என் போன் வாயே திறக்கவில்லை

மூன்று முறை அழைத்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை மாலை 4:12, 4:13, அப்புறம் 4:40. எனக்குத் தெரிந்தது வெள்ளிக்கிழமை இரவு. அதுவும் வேறு எதையோ தேடப் போய், போனின் ஒரு மூலையில் 'தடுக்கப்பட்ட அழைப்புகள்' என்று ஒரு பட்டியல் கண்ணில் பட்டதால். சாம்பல் நிறத்தில் ஓர் எண், பக்கத்தில் சிவப்பு வட்டம், கீழே 'மோசடியாக இருக்கலாம்'. மூன்றாவது அழைப்போடு பதினோரு நொடிக்குக் குரல் பதிவு ஒன்றும் இருந்தது.

"நான்தான் தம்பி, விமான நிலையத்துல பார்த்தோமே. அந்த கேசட் விஷயமா கூப்பிட்டேன். சரி, வேலையா இருப்பீங்க போல."

அந்தக் குரலுக்கு அறிமுகம் தேவையில்லை. என் அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் பாடிக்கொண்டிருக்கும் குரல் அது. அதைத்தான் என் போன் மோசடி என்று முடிவு கட்டியிருக்கிறது.

4:12க்கு நான் எங்கே இருந்தேன் என்று நிமிடம் நிமிடமாகத் தோண்டிப் பார்த்துவிட்டேன். போன் என் கையில்தான் இருந்தது. 4:09க்கு ஒருவருக்குப் பதில் எழுதியிருக்கிறேன். 4:15க்கு ஒரு படம் அனுப்பியிருக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் அந்த அம்மா இரண்டு முறை அழைத்திருக்கிறார், என் விரல் திரைமேல் இருக்கும்போதே. அதிரவில்லை, மினுங்கவில்லை, ஒரு வரி கூட எட்டிப் பார்க்கவில்லை. 4:26க்கு, கடன் வேண்டுமா என்று யாரோ அழைத்தார்கள். அது மட்டும் முழுசாக மணி அடித்தது. நானும் எடுத்துப் பேசியிருக்கிறேன்! அதை முடித்துவிட்டுப் போனை மேசைமேல் வைத்திருக்கிறேன். 4:40க்கு அந்த அம்மா மூன்றாவது முறையாக அழைத்து, எனக்கு வேலையிருக்கும் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வைத்துவிட்டார்.

அவரை நான் சந்தித்தது தற்செயல். போனில் இருந்த போர்டிங் பாஸ் திறக்காமல் வரிசையில் ஒருவர் தவித்துக்கொண்டிருந்தார். திரை வெளிச்சத்தைக் கூட்டி, க்யூஆர் கோடைக் காட்ட உதவினேன். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தேன். விமானம் தாமதமானதால் இருபது நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து பேசினோம். 1984இல் அவருடைய ஒரு கச்சேரியை அப்பா ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு பதிவு செய்தார், கேசட் இன்னும் இருக்கிறது என்றேன். அவர் சட்டென்று நிமிர்ந்தார். அன்று பாடிய ஒரு பாட்டு அவரிடமே இல்லையாம். கைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, பென்சிலால் என் எண்ணை எழுதிக்கொண்டார். அவர் எண்ணைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

பென்சிலும் நோட்டும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்துவிட்டன. கெடுத்தது என் பக்கம் இருந்த கருவி.

இந்த முத்திரை எப்படி விழுகிறது தெரியுமா? யாராவது நாலு பேர் ஓர் எண்ணைத் தொந்தரவு என்று புகார் செய்தால் அது பட்டியலில் ஏறிவிடும். அந்த எண்ணை ஒருவர் விட்டுவிட்டு அது இன்னொருவருக்குக் கொடுக்கப்பட்டாலும் பழைய கெட்ட பெயர் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். முந்தையவர் செய்த குற்றத்துக்குப் புதியவருக்குத் தண்டனை. இந்த வசதியை நான் கேட்கவில்லை. ஏதோ ஒரு அப்டேட்டில் தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

முன்பின் தெரியாத இருவருக்கு நடுவில் எத்தனை பேர் என்று பார்க்க, 1960களில் ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தினார். பாஸ்டன் பங்குத் தரகர் ஒருவரிடம், தெரிந்தவர் மூலம் தெரிந்தவராகக் கைமாற்றி ஒரு கடிதக்கட்டைச் சேர்க்க வேண்டும். 1969இல் வந்த அறிக்கையின்படி 296 பேரிடமிருந்து தொடங்கியதில் 64 போய்ச் சேர்ந்தன. நடுவில் சராசரியாக ஐந்து பேர். 2016இல் ஃபேஸ்புக் தன் பயனர்களை வைத்துக் கணக்கிட்டபோது நடுவில் இருப்போரின் சராசரி எண்ணிக்கை 3.57 ஆகச் சுருங்கிவிட்டது. இதெல்லாம் எனக்கும் சந்தோஷம்தான். அந்தப் போர்டிங் பாஸ் போனில் இல்லாமல் காகிதத்தில் இருந்திருந்தால் அவர் என்னோடு பேசியிருக்கவே மாட்டார், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மில்கிராமின் கடிதங்கள் நின்றுபோனது, நடுவில் யாரோ ஒரு மனிதர் அனுப்பாமல் விட்டதால். இங்கே யார் விட்டது? அவருக்குப் பேச ஆசை, எனக்குக் கேட்க ஆசை. இருவருக்கும் நடுவில் வேறு ஆளே இல்லை. அப்படியும் அழைப்பு வந்து சேரவில்லையே!

சனிக்கிழமை காலை திருப்பி அழைத்தேன். ஒரே ஒரு மணி, உடனே அறுந்தது. மறுபடியும் அதே. என் எண் அவர் நோட்டில் இருக்கிறது, போனில் இல்லை. அவர் போனுக்கு நான் தெரியாத ஆள், அதனால் அதுவும் என்னைத் தள்ளிவிட்டிருக்கும். குறுஞ்செய்தி அனுப்பினேன். தெரியாதவர்களின் செய்தி தனிப் பெட்டிக்குப் போய்விடுமாம். அந்தப் பெட்டியை இந்த வயதில் அவர் எங்கே போய்த் தேடுவார்? என் எண்ணுக்கும் எவனாவது முத்திரை குத்தியிருக்கிறானோ என்னவோ.

சரி, அவர் மறுபடி அழைக்கும்போது பாட்டாவது தயாராக இருக்கட்டும் என்று கேசட்டைக் கணினியில் ஏற்ற உட்கார்ந்தேன். கேசட் என்பது 1963இல் வந்த பொருள். அதற்குப் பாஸ்வேர்டு கிடையாது, அப்டேட் கிடையாது. நாற்பது வருடம் பெட்டியில் கிடந்துவிட்டு, பொத்தானை அழுத்தியதும் பாடுகிறது. அப்பாவின் இருமல் கூடக் கேட்கிறது. ஏ பக்கம் முப்பது நிமிடம், முழுக்க ஓடவிட்டுத்தான் பதிய வேண்டும், காத்திருந்து பதிந்தேன். அப்புறம் போட்டுக் கேட்டால் பாட்டு அந்தரத்தில் தொங்குகிறது. பின்னால் ஒலிக்கும் சுருதியைக் காணோம்! பேச்சுக்காகச் செய்த மென்பொருளாம். மாறாமல் தொடர்ந்து ஒலிப்பது எதுவானாலும் அதற்கு மின்விசிறிச் சத்தம். சுருதி மாறாமல்தானே ஒலிக்கும்? 'இரைச்சல் நீக்கப்பட்டது' என்று பச்சை டிக் வேறு போட்டிருக்கிறது. அப்பாவின் இருமலையும் சேர்த்து வழித்து எடுத்துவிட்டது.

அந்த இரைச்சல் நீக்கும் வசதி எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்து அணைக்கவே முக்கால் மணி நேரம் ஆனது. இப்போது கேசட்டைப் பின்னுக்கு ஓட்டி ஏ பக்கத்தை மறுபடி முதலிலிருந்து பதிந்துகொண்டிருக்கிறேன். பி பக்கம் இன்னும் பாக்கி. போன் பக்கத்திலேயே இருக்கிறது, எல்லாத் தடுப்பையும் எடுத்துவிட்டேன். காலையிலிருந்து கடன் வேண்டுமா என்று ஏழு பேர் அழைத்துவிட்டார்கள். ஏழு பேரிடமும் முதல் மணியிலேயே எடுத்து "சொல்லுங்கம்மா" என்றேன்.