ஃபைலைச் சுமக்க நாங்கள் என்ன கூரியரா?

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போன ஓர் அம்மாவை, அங்கே செய்த சிகிச்சை விவரம் அடுத்த டாக்டருக்குத் தெரியாமல் போனதால், மறுபடியும் அட்மிட் செய்த செய்திக்குக் கீழே வந்த கமெண்ட்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். முழுக் கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரி எழுதித் தரும் சிகிச்சைச் சுருக்கம்தான் டிஸ்சார்ஜ் சம்மரி. "டிஸ்சார்ஜ் சம்மரியைக்கூட ஒழுங்கா வச்சுக்கத் தெரியாதா? படிச்ச குடும்பம்தானே?" என்று ஒருவர் எழுதுகிறார், அதற்கு லைக் வேறு குவிகிறது.

சரி, நிதானமாகவே கேட்கிறேன். என்ன ஆபரேஷன் செய்தார்கள், எந்த மாத்திரையை நிறுத்தினார்கள், அடுத்து என்ன டெஸ்ட் எடுக்க வேண்டும் என்பதை அடுத்த டாக்டரிடம் சேர்ப்பது யார் வேலை? வீட்டுக்காரர்கள் வேலையா? அப்படியானால் ஆஸ்பத்திரியில் அத்தனை கம்ப்யூட்டர் எதற்கு?

நம் குமரி மாவட்டத்தில் இது தினசரிப் பாடு. பெரிய ஆபரேஷன் என்றால் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம். தையல் பிரிக்க, ராத்திரி மூச்சு முட்டினால் தூக்கிக்கொண்டு ஓட, ஆசாரிபள்ளம் அரசு ஆஸ்பத்திரியோ பக்கத்து கிளினிக்கோ. அங்கே செய்தது இங்கே தெரியாது.

என் அப்பாவுக்குத் திருவனந்தபுரத்தில் இதயத்தின் மைட்ரல் வால்வு மாற்றினார்கள். ரத்தம் உறையாமல் இருக்க முன்பிருந்தே வார்ஃபரின் சாப்பிட்டு வந்தவர். டிஸ்சார்ஜின்போது அதையே வேறொரு கம்பெனிப் பெயரில் எழுதிவிட்டார்கள். பழையதை நிறுத்தச் சொல்லி ஒரு வரி கிடையாது. அம்மா இரண்டையும் கொடுத்தார். ஒருநாள் பல் தேய்த்துத் துப்பினால் ஒரே ரத்தம். முழங்கைக்குக் கீழே கருநீலமாக ரத்தக்கட்டு. "கட்டில்ல இடிச்சிருக்கும் மக்கா" என்கிறார் அப்பா. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். டெஸ்ட் பார்த்தால் 6-ஐத் தாண்டி நிற்கிறது, 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் இருக்க வேண்டியது. இங்குள்ள டாக்டர் இரண்டு மாத்திரை அட்டையையும் மேஜையில் பக்கம் பக்கமாக வைத்து, பெயருக்கு அடியில் இருந்த பொடி எழுத்தைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். இரண்டும் வார்ஃபரின். டிஸ்சார்ஜ் ஆன அன்றே அவருக்கு விவரம் வந்திருந்தால் அன்றே பிடித்திருப்பார்.

ஃபைலா? இருந்தது சார். ஜிப் வைத்த ஃபைல். பத்திரமாக வைத்திருந்துதான் இவ்வளவும்.

சம்மரியை ஆஸ்பத்திரியே அடுத்த டாக்டருக்கு ஆன்லைனில் அனுப்பட்டும் என்றால், "வயசானவங்களுக்கு ஆப் எல்லாம் தெரியுமா?" என்பார்கள். அவர்கள் ஏன் ஆப்பைத் தொட வேண்டும்? நான் சொல்வது ஆஸ்பத்திரிக்கும் டாக்டருக்கும் நடுவில் நடக்க வேண்டிய காரியம். "டாக்டர்களுக்கு நேரம் இல்லை" என்பார்கள். ஏற்கெனவே டைப் அடித்த சம்மரிதானே, அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்?

அந்தரங்கம் பற்றிக் கேட்பவர்களை மட்டும் நான் கிண்டல் செய்ய மாட்டேன். மனநல சிகிச்சை, எச்.ஐ.வி. போன்ற விவரங்கள் கண்டவர் கையில் போய்ச் சேர்ந்தால் ஒரு பெண்ணின் வாழ்க்கையே போய்விடும். அதனால்தான் சம்மதம் கேட்கும் ஏற்பாடு வேண்டும் என்கிறேன். 2021 செப்டம்பரில் நாடு முழுக்கத் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனில் அது இருக்கிறது. நம் மருத்துவப் பதிவுகளை இணைக்க ஆளுக்கொரு 14 இலக்க ஆபா எண். நாம் சம்மதித்தால் ஓர் ஆஸ்பத்திரியின் பதிவை இன்னோர் ஆஸ்பத்திரி பார்க்கலாம், கேரளமா தமிழ்நாடா என்ற பேச்சே இல்லை. ஆனால் ஆஸ்பத்திரி பதிவை அந்த எண்ணோடு இணைத்தால்தானே? இப்போது மட்டும் அந்தரங்கம் என்ன வாழ்கிறது? அப்பாவின் சம்மரி போட்டோ எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் கிடக்கிறது. துபாயில் இருக்கும் சித்தப்பா மகனின் மச்சான்வரை பார்த்தாயிற்று.

இன்னொன்று சொல்லவா? இதே சம்மரி கேஷ்லெஸ் பில்லுக்காக இன்சூரன்ஸ் கம்பெனிக்கு டிஸ்சார்ஜ் அன்றே ஆன்லைனில் போய்விட்டது. அதற்கு ஆள் இருக்கிறது, நேரம் இருக்கிறது, நெட் இருக்கிறது. திருவனந்தபுரம் தைக்காட்டிலிருந்து இங்கே குமரியில் இருக்கும் தக்கலைக்கு அனுப்பத்தான் வழியில்லை. காசு வரும் பக்கம் மட்டும் ஓடுகிற கம்ப்யூட்டர்!

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் தெருவுக்கு ஓர் அக்கா வருகிறார். வெயிலில் நடந்து வந்து பிரஷர் பார்த்து எழுதிக்கொண்டு போகிறார். தங்கமான மனுஷி. அவரிடம் இருக்கும் விவரத்தில் அப்பாவுக்கு பிரஷர் உண்டு, வால்வு ஆபரேஷன் கிடையாது. அம்மா வாசலில் நின்று அவருக்கு முதலிலிருந்து சொல்வார். ஆஸ்பத்திரி மாறினால் அங்கேயும் முதலிலிருந்து.

"மகன் கூட இருந்து பார்த்திருக்கணும்" என்று அந்த அம்மா வீட்டைப் பற்றி எழுதியவரே, இந்த மாவட்டத்தில் எத்தனை வீட்டில் மகன் கூட இருக்கிறான்? கப்பலிலும் வளைகுடாவிலும் கிடக்கிறான். அவன் அனுப்பும் பணத்தில்தான் அந்த ஆஸ்பத்திரி பில்லே கட்டப்படுகிறது. வீட்டில் இருப்பது மயினிதான், அந்த மகனின் மனைவி. மாமியாரைக் குளிப்பாட்டி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, அப்புறம் ஆங்கிலத்தில் எழுதிய மருந்துச் சீட்டுக்கு அர்த்தமும் அவளே கண்டுபிடிக்க வேண்டும். தப்பு நடந்தால் பழியும் அவளுக்கே. லைக் போட்டவர்களில் பாதிப் பேர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.