பாட்டை அனுப்புவதற்கு முன்னால் அது யாருடையது என்று எழுதி வையுங்கள்

போன சனிக்கிழமை சாயங்காலம் சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் ஒரு தம்பி எனக்கு எதிரே உட்கார்ந்து கைப்பேசியை நீட்டினார். 23 வயது. வீட்டு அறையிலேயே பாட்டு செய்பவர், நல்ல காது உள்ள பிள்ளை. "அண்ணே, ஒரு இணையத் தொடருக்கு என் பாட்ட எடுத்துக்கிட்டாங்க. இன்னிக்கே கையெழுத்து போட்டு அனுப்பச் சொல்றாங்க" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. நான் வாங்கிப் படித்தேன். மூன்று பக்கம். இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஒரு வரி: பாட்டின் முழு உரிமையும், உலகம் முழுவதும், எல்லா ஊடகங்களிலும், எக்காலத்துக்கும். அதற்கு 300 வெள்ளி.

"இத படிச்சியாப்பா?" என்று கேட்டேன். "பேர் பெருசா போடுவாங்களாம் அண்ணே" என்றார்.

அந்தப் பதிலைக் கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை. நம் பிள்ளைகளுக்குப் பாட்டு செய்யத் தெரிகிறது. அந்தப் பாட்டில் தங்களுக்கு என்ன இருக்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கும் சொல்லவில்லை, அடி வாங்கித்தான் கற்றுக்கொண்டேன்.

அந்தக் கதையைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஈசூனில் என் அறையில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு பாட்டு செய்தோம். ஜன்னலில் கனமான போர்வையைத் தொங்கவிட்டு, விசிறியை நிறுத்திவிட்டு, வியர்த்து வழிய குரல் பதிந்தோம். மெட்டு என்னுடையது. வரிகள் ஒரு நண்பருடையது. தங்கை முறையுள்ள ஒரு பெண் பாடினார். கஞ்சிராவும் தவிலும் கலந்த தாளம் இன்னொரு நண்பர் கொண்டுவந்தது. தீபாவளி விளம்பரம் ஒன்றுக்குப் பாட்டு தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அனுப்பி வைத்தேன்.

ஒரு வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பதில் வந்தது. பாட்டு பிடித்திருக்கிறது. மறுநாள் பகல் 12 மணிக்குள் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் வேவ் ஒலிக்கோப்பு வேண்டும், குரல் இல்லாத வடிவம் வேண்டும், குரல், தாளம், மற்ற வாத்தியம் எல்லாம் தனித்தனிக் கோப்புகளாக, அதாவது ஸ்டெம்ஸ் ஆக வேண்டும். கூடவே, பாட்டில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று எல்லோரும் கையெழுத்திட்ட தாள்.

கோப்புகளை இரவோடு இரவாகத் தயார் செய்துவிட்டேன். தாள்தான் இல்லை. வரி எழுதிய நண்பர் ரிசர்விஸ்ட் ராணுவப் பயிற்சியில் காட்டுக்குள் இருந்தார், கைப்பேசியில் பிடிக்கவே முடியவில்லை. பாடிய பெண்ணுக்கு 150 வெள்ளி கொடுத்திருந்தேன், ஆனால் விளம்பரத்தில் பயன்படுத்தலாம் என்று ஒரு வரிகூட எழுதி வாங்கவில்லை. கடைசியாகத் தாளம் கொண்டுவந்தவரிடம் கேட்டேன், "இதில் தவில் யார் வாசித்தது?" அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஒரு ஃபிரண்ட் குடுத்த ஃபைல்டா, அவனுக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியல."

அதோடு முடிந்தது. வெள்ளிக்கிழமை 12 மணிக்கு என்னால் எதையும் அனுப்ப முடியவில்லை. தீபாவளிக்கு அந்த விளம்பரம் வேறொரு பாட்டோடு வந்தது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. யாருடையது என்று தெரியாத தவிலை எவர் தன் விளம்பரத்தில் போடுவார்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பதிவு செய்த ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது. மெட்டும் வரிகளும் சேர்ந்தது ஒன்று. அதைப் பாடி வாசித்துப் பதிந்த ஒலிப்பதிவு இன்னொன்று, அதைத்தான் மாஸ்டர் என்கிறோம். ஒரு படத்தின் காட்சியோடு உங்கள் பதிவைச் சேர்ப்பவர் இரண்டுக்கும் அனுமதி வாங்க வேண்டும். அவர்கள் நூறு பாட்டு கேட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரே மின்னஞ்சலில் இரண்டு அனுமதியும் கிடைக்கிற பாட்டு ஒரு பக்கம், நான்கு பேரைத் தேடி அலைய வைக்கிற பாட்டு ஒரு பக்கம் என்றால் எதை எடுப்பார்கள்? தோற்றுப்போகிற பாட்டு பல நேரம் மோசமான பாட்டாக இருப்பதில்லை.

அதனால் பங்கைப் பாட்டு முடிந்த அன்றைக்கே எழுதிவிடுங்கள். நட்பு கெட்டுப்போகும் என்று பலர் தயங்குகிறார்கள். பாட்டுக்குக் காசு வருவதற்கு முன்னால் பங்கு பேசுவது பத்து நிமிட வேலை. காசு வந்த பிறகு பேசினால்தான் நட்பு கெடும், நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்தப் "பேர் போடுறோம்" விஷயம். இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். சிங்கப்பூரின் பதிப்புரிமைச் சட்டம் 2021, அந்த ஆண்டு நவம்பர் 21ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதன்படி, ஒருவரின் படைப்பைப் பொதுவில் பயன்படுத்தினால், சில விதிவிலக்குகள் தவிர, படைத்தவர் பெயரைச் சொல்லியாக வேண்டும். சட்டப்படி செய்ய வேண்டிய ஒன்றைக் கூலி மாதிரி நம்மிடம் காட்டுகிறார்கள், நாமும் கும்பிட்டு வாங்கிக்கொள்கிறோம். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம்.

அதே சட்டம் இன்னொன்றையும் மாற்றியது. முன்பெல்லாம் ஒருவர் காசு கொடுத்து ஒலிப்பதிவு செய்யச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், பதிவின் உரிமை காசு கொடுத்தவருக்குப் போகும். இப்போது உருவாக்கியவருக்கே முதல் உரிமை. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதி நீங்கள் கையெழுத்துப் போட்டால், போட்டதுதான் செல்லும். சட்டம் உங்கள் கையில் கொடுத்ததை நீங்களே ஒரு பேனாவால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மெட்டுக்கும் வரிக்கும் உரிமை, எழுதியவர் வாழும் காலமும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும். அந்தத் தம்பிக்கு 23 வயது. அவர் 80 வயது வரை இருந்தால் 57 ஆண்டு, அப்புறம் ஒரு 70. "எக்காலத்துக்கும்" என்ற அந்த ஒரு சொல்லின் எடை 127 ஆண்டு. இதைத் தாளில் கூட்டிக் காட்டியபோதுதான் அவர் சிரிப்பு நின்றது.

ஒரு முறை வாங்கும் கட்டணத்தோடு பாட்டின் வருமானம் நின்றுவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். தொலைக்காட்சியிலோ வானொலியிலோ பாட்டு ஒலிக்கும்போது நிலையம் உரிமத் தொகை கட்டுகிறது. இங்கே அதை வசூலித்துப் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் பிரித்துக் கொடுப்பது 1987இல் தொடங்கிய காம்பாஸ் சங்கம். நீங்கள் உறுப்பினராகி, பாட்டையும் பங்கையும் பதிந்து வைத்திருந்தால்தான் உங்கள் பங்கு உங்களைத் தேடி வரும். நிகழ்ச்சி தயாரிப்பவர் கொடுக்கும் கியூ ஷீட்டில், அதாவது நிகழ்ச்சியில் வந்த பாட்டுகளின் பட்டியலில், பாட்டின் பெயரும் உங்கள் பெயரும் பிழையில்லாமல் இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதுகிறவர்கள் நாம். ஒரே எழுத்தமைப்பை எல்லா இடத்திலும் வையுங்கள்.

சென்னைக்குப் பாட்டு அனுப்பும் நண்பர்களுக்கு ஒன்று. இந்தியாவில் 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். படப்பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் தங்களுக்கு வரும் ராயல்டி பங்கை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. கவிஞர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் இதற்காக உரக்கப் பேசினார். அங்கே அவ்வளவு பாடுபட்டுப் பெற்றதை இங்கே இருக்கும் நாம் தெரிந்தாவது வைத்திருக்க வேண்டாமா?

பாட்டு அனுப்பவே கட்டணம் கேட்கும் இடங்களைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். நான் கட்டுவதில்லை. அந்தக் காசில் தவில் கலைஞர் ஒருவரை நேரில் அழைத்து வாசிக்க வைத்து, கையெழுத்தும் வாங்கிவிடுவேன்.

தம்பி கதைக்கு வருகிறேன். அங்கேயே உட்கார்ந்து பதில் எழுதினோம். இந்தத் தொடருக்கு மட்டும், மூன்று ஆண்டுக்கு, வேறு யாருக்கும் கொடுக்கும் உரிமை பாட்டுக்காரரிடமே இருக்கும், தொகை அதே 300 வெள்ளி. அனுப்பும்போது அவர் கை நடுங்கியது. "வேணாம்னு சொல்லிடுவாங்களோ அண்ணே?" என்று இரண்டு முறை கேட்டார். செவ்வாய்க்கிழமை பதில் வந்தது: சரி, திருத்திய ஒப்பந்தம் அனுப்புகிறோம். எதிர்த்து ஒரு வார்த்தை இல்லை. கேட்டதும் கொடுத்துவிட்டார்கள்.

சனிக்கிழமை சாயங்காலங்களில் நான் பெரும்பாலும் தேக்காவில்தான் இருப்பேன். கையில் ஒப்பந்தம் வைத்துக்கொண்டு குழம்பும் தம்பி, தங்கைகள் யாரானாலும் உட்பெட்டியில் ஒரு வார்த்தை போட்டுவிட்டு வாருங்கள், உட்கார்ந்து வரி வரியாகப் படிக்கலாம். கையெழுத்து மட்டும் அதுவரை போடாதீர்கள்.