கடைசி இருவர் இருக்கும்போதே

2022 பிப்ரவரி 16 அன்று கிறிஸ்டினா கால்டெரோன் 93 வயதில் காலமானார். சிலியின் தென்கோடியில், நவாரினோ தீவில் வாழ்ந்த யாகான் பழங்குடி மூதாட்டி; அந்த மக்களின் மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி ஆள். "யாகான் மொழியும் அவரோடு போயிற்று" என்று எல்லாரும் எழுதினார்கள். அந்தத் தேதிக் கணக்கை நான் ஏற்க மாட்டேன். அந்த மொழி பேசிய அவர் அக்கா ஊர்சுலா 2003-லும், உறவினர் எமெலிந்தா அகுன்யா 2005-லும் இறந்தார்கள். யாகானில் பேச்சு அப்போதே நின்றுவிட்டது. அதன்பின் 16 ஆண்டுகள் அந்த மொழியில் கிறிஸ்டினாவுக்குப் பதில் சொல்ல ஆளில்லை.

சொற்களுக்குப் பஞ்சமில்லை. பாதிரியார் தாமஸ் பிரிட்ஜஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே 32,000-க்கும் மேற்பட்ட சொற்களைத் தொகுத்தார். 1933-ல் அகராதி அச்சானது. ஆனால் 1880களில் தட்டம்மை யாகான் மக்களை வாரிக்கொண்டு போயிருந்தது. வெளியார் கடல்சிங்கங்களை வேட்டையாடியதில் உணவும் சுருங்கியது. மிஞ்சியவர்களின் பிள்ளைகள் ஸ்பானியத்துக்கு மாறினார்கள்.

இணையத்தில் காதல் சொல்லாகச் சுற்றும் 'மாமிஹ்லாபினாதாபாய்' என்ற யாகான் சொல் சிலருக்குத் தெரிந்திருக்கும். பிரித்துப் பாருங்கள்: 'இஹ்லாபி' என்றால் அடுத்து என்ன செய்வதென்று திகைப்பது. முன்னே வரும் 'மாம்' செயலைச் செய்பவர்மேலேயே திருப்புகிறது. கடைசியில் வரும் 'அபாய்' இருவரைக் குறிக்கிறது. இரண்டும் சேர்ந்தால் 'ஒருவருக்கொருவர்'. காதல் என்ற பொருள் எந்த உறுப்பிலும் இல்லை.

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இருப்பு வினைகள். நிற்பது, உட்கார்ந்திருப்பது, படுத்திருப்பது, தோணியில் மிதந்திருப்பது என்று தனித்தனி வினைகள். நம் 'இரு' போல இவையும் துணைவினையாக நின்று செயல் நடக்கும் விதத்தைக் காட்டும். தோணியிலேயே வாழ்ந்த மக்கள். பெண்கள் துடுப்புப் போட, ஆண்கள் முனையில் ஈட்டியோடு நிற்க, நடுவே நெருப்பு எரிந்துகொண்டிருக்கும். தோணி போனபின் அந்த நான்காவது வினைக்கு வேலை எங்கே?

தனி ஒருவரிடம் சொற்பட்டியல் எடுக்கலாம், கதையும் பதியலாம். குறுக்கே பேசுவது, மறுப்பது, கேலி செய்வது, பிள்ளையை அதட்டுவது எதுவும் கிடைக்காது. எனவே எந்த மொழியானாலும், இருவர் இருக்கும்போதே அவர்களை எதிரெதிரே உட்காரவைத்துக் காணொளியாகப் பதியுங்கள். கேள்வித்தாளை ஓரம் வையுங்கள். வலை பின்னட்டும், சமைக்கட்டும், சண்டை போடட்டும். ஆளுக்கொரு ஒலிவாங்கி வையுங்கள். ஒன்றே இருந்தால் இருவர் சேர்ந்து பேசும் இடம் குழம்பிவிடும். ஒரு மணி நேரப் பதிவை எழுதிப் பொருள் குறிக்கப் பல நாள் ஆகும். அதையும் அவர்கள் பக்கத்தில் இருந்தே செய்யுங்கள். விழுங்கிய ஓர் அசையை அவர்களால்தான் சொல்ல முடியும்.