ஜேசனின் பேஸ் இந்த முறையும் வரவில்லை

அமெரிக்க மெட்டல் இசைக்குழுவான மெட்டாலிகாவின் 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' ஆல்பம் ரீமாஸ்டர் ஆகி வந்தது 2018 நவம்பரில். நான் அதை ஒழுங்காக உட்கார்ந்து கேட்டது போன ஞாயிற்றுக்கிழமைதான். இத்தனை வருடம் தள்ளிப்போட்டதற்குச் சோம்பல் காரணமில்லை, பயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பேஸ் கிட்டார் கேட்டுவிடுமோ என்று ஒரு பயம், இந்த முறையும் கேட்காமலே போய்விடுமோ என்று இன்னொரு பயம்.

கேட்கவில்லை. வீட்டில் ஆள் இல்லாத மதியம், நல்ல ஹெட்போன், ஒன்பது பாட்டு, 65 நிமிடம். ஜேசன் நியூஸ்டெட் 1988-ல் எங்கே இருந்தாரோ அங்கேயேதான் இருக்கிறார், அதாவது எங்கேயும் இல்லை.

கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மெட்டாலிகாவின் பேஸ் கிட்டார் வாசிப்பாளர் கிளிஃப் பர்ட்டன் 1986 செப்டம்பர் 27 அன்று ஸ்வீடனில், சுற்றுப்பயணத்தின் நடுவில், இவர்கள் போய்க்கொண்டிருந்த பஸ் கவிழ்ந்து இறந்துபோனார். வயது 24. சில வாரங்களிலேயே ஜேசன் நியூஸ்டெட்டைச் சேர்த்துக்கொண்டு மறுபடியும் மேடை ஏறிவிட்டார்கள். அவரை வைத்துப் போட்ட முதல் முழு ஆல்பம் இது. 1988-ல் வெளியே வந்தபோது கிட்டார் இருந்தது, ட்ரம்ஸ் இருந்தது, குரல் இருந்தது, பேஸை மட்டும் காணோம். உலகம் முழுக்க மெட்டல் ரசிகர்கள் அன்றிலிருந்து இதையே புலம்புகிறார்கள், மீம் போட்டுப் போட்டு அதுவும் தேய்ந்துவிட்டது.

எனக்கு இந்த ஆல்பம் கிடைத்தது தொண்ணூறுகளின் நடுவில், கல்லூரி விடுதியில். யாரோ யாரிடமோ வாங்கிப் பதிந்த கேசட்டிலிருந்து நான் பதிந்துகொண்டது. 60 நிமிடக் கேசட், அதுதான் கையில் இருந்தது. முதல் நான்கு பாட்டும் சேர்ந்தால் முப்பது நிமிடத்தைச் சில நொடிகள் தாண்டும், அதனால் 'ஒன்' பாட்டின் வால் வெட்டுப்பட்டிருந்தது. மறுபக்கத்தில் அடுத்த நான்கு பாட்டு சரியாக அடங்கிவிட்டது. 'டு லிவ் இஸ் டு டை' முடிந்ததும் டக் என்று பட்டன் எகிறும், ஆல்பம் அவ்வளவுதான் என்று எழுந்து போய்விடுவேன். 'டயர்ஸ் ஈவ்' என்று ஒன்பதாவதாக ஒரு பாட்டு இருப்பதே எனக்குப் பல வருடம் தெரியாது.

பேஸ் கேட்காததற்கும் கேசட்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். நகலின் நகல், அதில் எதுதான் மிஞ்சும்? அறை நண்பனின் டேப் ரெக்கார்டரில் 'மெகா பாஸ்' என்று ஒரு பட்டன் உண்டு, அந்தக் காலத்தில் எல்லா செட்டிலும் இருக்கும். அதை அழுத்தினால் பேஸ் கிட்டார் எழுந்து வந்துவிடும் என்று நம்பி அழுத்தியிருக்கிறேன். ட்ரம்ஸ் வாசிக்கிற லார்ஸ் உல்ரிக்கின் கால் ட்ரம் மட்டும் இன்னும் பலமாக மேஜையைத் தட்டும், பாடிக்கொண்டே கிட்டார் வாசிக்கிற ஹெட்ஃபீல்டின் கிட்டார் இன்னும் கொஞ்சம் ஊதிக்கொள்ளும். பேஸ் வராது. அப்புறம் வேலைக்குப் போய், காசு கொடுத்து அசல் சிடி வாங்கிப் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயமே புரிந்தது. கேசட் மேல் தப்பில்லை, ஆல்பமே அப்படித்தான்.

நம் காதுக்கு இது கூடுதலாக உறுத்தும் என்று நினைக்கிறேன். இளையராஜா பாட்டில் பாடகரை விட்டுவிட்டு அடியில் ஓடுகிற பேஸ் கிட்டாரை மட்டும் பிடித்துக்கொண்டே போவது நம்மில் பலருக்குச் சின்ன வயதுப் பழக்கம். டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து கேட்டாலும் அந்தப் பேஸ் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று சொல்லிவிடலாம். அப்படிப் பழகிய காதோடு இந்த ஆல்பத்துக்குள் போனால் தரையில்லாத வீட்டில் நடக்கிற மாதிரி இருக்கும்.

சரி, 2018-ல் இவ்வளவு மெனக்கெட்டு ரீமாஸ்டர் செய்தவர்கள் பேஸை ஏன் ஏற்றவில்லை? இதைக் கேட்காதவர்களே இல்லை. கேட்பவர்களில் பாதிப்பேர் ரீமாஸ்டரையும் ரீமிக்ஸையும் ஒன்றாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனி ட்ராக்கில் பதிந்து வைத்திருப்பார்கள், எது எவ்வளவு கேட்க வேண்டும் என்று முடிவுசெய்து எல்லாவற்றையும் இரண்டே ட்ராக்காக, இடது வலது என்று கலப்பது மிக்ஸிங். கலந்து முடித்ததை எடுத்து மொத்தமாகச் சத்தம், கனம், பளிச் எல்லாம் சரிபார்த்து வெளியீட்டுக்குத் தயார் செய்வது மாஸ்டரிங். ரீமாஸ்டர் என்றால் இந்த இரண்டாவது வேலையை மட்டும் மறுபடி செய்வது. கொதித்து இறக்கிய சாம்பாரில் உப்பு போடலாம், மேலே தாளித்துக் கொட்டலாம், சூடு பண்ணலாம். பருப்பு பத்தவில்லை என்றால் ஒன்றும் செய்ய முடியாது, முதலில் இருந்து வைக்க வேண்டியதுதான். ரீமாஸ்டரில் கீழ் ஸ்தாயியை ஏற்றினால் அந்த அலைவரிசையில் இருக்கிற கால் ட்ரம்மும் கிட்டாரும் சேர்ந்தே ஏறும். விடுதியில் நான் மெகா பாஸ் பட்டனை அழுத்திச் செய்ததைப் பெரிய ஸ்டூடியோவில் நுணுக்கமாகச் செய்வார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். (மாஸ்டரிங் இன்ஜினியர் யாராவது இதைப் படித்தால் மன்னிக்கவும்.)

அந்த நுணுக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பழைய சிடியில் லார்ஸின் கால் ட்ரம் ஊசியால் குத்துகிற மாதிரி 'டிக் டிக்' என்று இருக்கும், புதியதில் அந்த முனை கொஞ்சம் மழுங்கியிருக்கிறது. கிட்டாருக்குக் கொஞ்சம் சதை போட்டிருக்கிறது. 'பிளாக்கண்ட்' ஆரம்பத்தில் கிட்டார்களைப் பின்னோக்கி ஓடவிட்டு அடுக்கியிருப்பார்களே, அது தூரத்திலிருந்து மெதுவாக வந்து மேலே கவிகிற இடம் இப்போது இன்னும் தெளிவாக இருக்கிறது. சத்தமும் கூடியிருக்கிறது, எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே. ஆனால் 2008-ல் இதே மெட்டாலிகா ஆட்கள் 'டெத் மேக்னெட்டிக்' ஆல்பத்தை இரைச்சலாகவே நசுக்கி வெளியிட்டு, கிட்டார் ஹீரோ வீடியோ கேமில் வந்த அதே பாட்டுகள் சிடியைவிட நன்றாக இருக்கின்றன என்று ரசிகர்கள் மனு போடுகிற அளவுக்குப் போனதை நினைத்தால் இது எவ்வளவோ பரவாயில்லை. இப்போது ஸ்பாட்டிஃபை மாதிரி தளங்களே எல்லாப் பாட்டின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிடுகின்றன, அப்புறமும் சத்தத்தை ஏற்றி என்ன லாபமோ தெரியவில்லை.

பேஸ் எங்கே போனது என்பதற்கு ஆளுக்கொரு கதை உண்டு. மிக்ஸ் செய்தவர்கள் ஸ்டீவ் தாம்ஸனும் மைக்கேல் பார்பியரோவும், அதற்கு முந்தைய வருடம் கன்ஸ் அண்ட் ரோஸஸின் முதல் ஆல்பத்தை மிக்ஸ் செய்தவர்கள், ஆக வேலை தெரியாதவர்கள் இல்லை. பேஸைக் குறைக்கச் சொன்னது லார்ஸ்தான், கேட்டும் கேட்காமலும் இருக்கிற அளவுக்குக் குறைத்த பிறகும் இன்னும் குறை என்றார் என்று தாம்ஸன் பிற்காலப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இன்னொரு பக்கம், நியூஸ்டெட் விரலால் இல்லாமல் பிக் (தந்தி மீட்டுகிற சின்னத் தகடு) வைத்து வாசிப்பவர், கிட்டார் ரிஃப்பை, அதாவது திரும்பத் திரும்ப வருகிற அந்தத் துணுக்கை, அப்படியே ஒட்டி வாசித்திருக்கிறார்; ஹெட்ஃபீல்டின் கிட்டாரோ நடு ஸ்தாயியைத் தோண்டி எடுத்துவிட்டுக் கீழ் ஸ்தாயியை முழுக்கப் பிடித்து உட்கார்ந்திருக்கிறது. பேஸ் நிற்க இடமே இல்லை. போதாததற்கு அந்தக் கோடையில் வான் ஹேலனோடு மான்ஸ்டர்ஸ் ஆஃப் ராக் சுற்றுப்பயணம் வேறு. கச்சேரியில் அடிவாங்கிய காதோடு நடுநடுவே மிக்ஸிங்குக்கு வந்துபோயிருக்கிறார்கள்.

இதெல்லாம் காரணங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் புது ஆளை அந்த நாட்களில் படாதபாடு படுத்தியதை அவர்களே பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கிளிஃப் போன துக்கத்துக்கு அழவும் நேரம் கொடுக்காமல் மேடை ஏறிய இருபத்துச் சொச்சம் வயதுப் பையன்கள், அந்தக் கோபத்தை எங்கே கொட்டுவார்கள்? பக்கத்தில் நின்றவன் மேல் கொட்டினார்கள். 'டு லிவ் இஸ் டு டை' கிளிஃப் விட்டுப்போன துண்டுகளை வைத்துக் கட்டிய பாட்டு. இறந்துபோன ஒரு பேஸ் வாசிப்பாளருக்காகப் பத்து நிமிட அஞ்சலி, அதில் அவருக்குப் பதிலாக வந்தவரின் பேஸ் மெதுவான இடங்களில் மட்டும் லேசாக நிழலாடிவிட்டு மறைந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்தில் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பழைய ஆல்பத்தை ரீமிக்ஸ் செய்து பேஸை ஏற்றச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள், நானும் கேட்டவன்தான். அது அந்தக் காலத்தின் விளைவு, அதைத் தொடமாட்டோம் என்பது இவர்கள் பதில். திமிர் பிடித்த பதில் என்று முன்பு திட்டியிருக்கிறேன். இப்போது அவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டேன். சாயவைத்தது மெட்டாலிகா இல்லை, இன்னொரு மெட்டல் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன்.

அவருடைய 'பிளிஸார்ட் ஆஃப் ஆஸ்' ஆல்பம் 1980-ல் வந்தது. பேஸ் பாப் டெய்ஸ்லி, ட்ரம்ஸ் லீ கெர்ஸ்லேக், கிட்டார் ராண்டி ரோட்ஸ். 2002-ல் மறுபதிப்பு என்று ஒன்றை வெளியிட்டார்கள், அதில் டெய்ஸ்லி, கெர்ஸ்லேக் இரண்டு பேரின் வாசிப்பையும் மொத்தமாக அழித்துவிட்டு வேறு இரண்டு பேரை வைத்து வாசித்துச் சேர்த்திருந்தார்கள். அழிக்கப்பட்ட இருவரும் ராயல்டி கேட்டு வழக்குப் போட்டிருந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். 'டைரி ஆஃப் எ மேட்மேன்' ஆல்பத்துக்கும் இதே கதி. இருபது வருடத்துக்கு முன் விமான விபத்தில் செத்துப்போன ராண்டி, வாழ்க்கையில் சேர்ந்தே வாசிக்காத இரண்டு பேரோடு சேர்ந்து வாசித்துக்கொண்டிருக்கிறார்! ரசிகர்கள் கொதித்தார்கள், கடைசியில் 2011-ல் பழைய ட்ராக்குகளை மறுபடி வைத்து வெளியிட வேண்டியதாயிற்று. நடுவில் ஒன்பது வருடம், புதிதாகக் கேட்க வந்த ஒரு பையன் கடையில் வாங்கிய அந்த சிடிதான் அசல் என்று நம்பியிருப்பான். அதில் பேஸ் வாசித்தது யார் தெரியுமா? ராபர்ட் ட்ரூஹியோ. அடுத்த வருடமே மெட்டாலிகாவில், நியூஸ்டெட் 2001-ல் விட்டுப்போன அதே இடத்தில் போய்ச் சேர்ந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை, சொன்ன வேலையைச் செய்தார், அருமையான வாசிப்பாளர் வேறு. 2011 அக்டோபரில் பெங்களூரு கச்சேரிக்குப் போயிருந்தேன், 'ஒன்' பாட்டில் அவர் பேஸ் நெஞ்செலும்பில் இடித்தது. இந்தப் பாட்டுக்குத் தரை இருந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மெகாடெத் என்கிற இன்னொரு மெட்டல் குழுவின் கதையும் உண்டு. 2004-ல் அதன் பாடகர் டேவ் மஸ்டெய்ன் தன் பழைய ஆல்பங்களை ரீமிக்ஸ் செய்து வெளியிட்டபோது 'ரஸ்ட் இன் பீஸ்' ஆல்பத்தில் சில பாட்டுகளுக்குக் குரலையே திரும்பப் பாடிச் சேர்த்திருந்தார். 1990-ல் பாடிய ஆள் வேறு, 2004-ல் பாடிய ஆள் வேறு, ஒரே ஆல்பத்தில் இரண்டு பேரும் மாறி மாறி வந்தால் காதுக்குத் தெரியாதா? தெரிந்தது. அந்தப் பதிப்பை ஒரு தடவைக்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை.

ரசிகர்கள் அவர்களாகவே பேஸை ஏற்றிச் செய்த ஜஸ்டிஸ் இணையத்தில் கிடைக்கிறது. தப்போ சரியோ, நானும் கேட்டிருக்கிறேன். 'பிளாக்கண்ட்' (ஆல்பத்திலேயே நியூஸ்டெட் பெயர் பாடலாசிரியர்களில் இருப்பது இதில் மட்டும்தான்) அதில் அட்டகாசமாக இருக்கிறது, அந்த மனிதர் எவ்வளவு உழைத்திருக்கிறார் என்று தெரிகிறது. ஆனால் முழு ஆல்பமும் கேட்டு முடித்தபோது அந்த வறட்சி, அந்தப் பல்லைக் கடித்த குளிர்ச்சி போய்விட்டிருந்தது. நன்றாக இருந்தது, அவ்வளவுதான். விடுதியில் ராத்திரி இரண்டு மணிக்கு என்னைத் தூங்கவிடாமல் செய்தது அது இல்லை.

ரீமாஸ்டருக்காக மட்டும் யாரும் காசு செலவழிக்க வேண்டாம் என்பேன். பழைய சிடி இருந்தால் அதுவே போதும். கூட வந்திருக்கிற டெமோக்கள், அதாவது பாட்டு உருவாகும்போது எடுத்த முன்பதிவுகள்தான் சமாசாரம். வார்த்தை இன்னும் வராத இடத்தில் ஹெட்ஃபீல்டு வாய்க்கு வந்த ஒலியைப் பாடி ஒப்பேற்றுகிறார், நீதி பற்றியும் போர் பற்றியும் அவ்வளவு இறுக்கமாகக் கத்தப்போகிற மனிதர் 'நா நா' என்று முனகிக்கொண்டு ராகம் தேடுவதைக் கேட்க எனக்கு ஏனோ சிரிப்பும் வந்தது, பாசமும் வந்தது.

எதிர்காலத்தில் மனசு மாறி, அசலை அசலாகவே விட்டுவிட்டு, பக்கத்தில் தனியாக ஒரு ரீமிக்ஸ் போட்டு 'இதோ ஜேசன்' என்று விற்றால் என்ன செய்வாய் என்று வீட்டில் கேட்டாள். வாங்குவேன், திட்டிக்கொண்டே வாங்குவேன். 'டயர்ஸ் ஈவ்' பாட்டை முதலில் போடுவேன், அதற்கு நான் இன்னும் நிறையப் பாக்கி வைத்திருக்கிறேன்.